எட்டாம் இலக்க எஞ்சினின் கதவு

ரொறொன்ரோவில், எங்கள் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்ற்றில் மூன்று குளிர்காலங்களாக ஒரு நீராவி ட்ராம் எஞ்சின் வளர்ந்தது. நீளம் இருபத்துநான்கரை அங்குலம், உயரம் இருபது, நிறம் கறுப்பு. அதைக் கட்டியவர் என் கணவர். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அதை எஞ்சின் என்றே நம்பவில்லை. சில்லுகள் வெளியே தெரியாது. நான்கு பக்கமும் தகடு. கூரையில் வரிசையாகச் செப்புக் குழாய்கள். கணவரின் தங்கை முதல்தரம் பார்த்துவிட்டு, "அண்ணை, உது என்ன, சாமி அலுமாரியோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அலுமாரி என்றே பெயர்.

அலுமாரி மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. நீராவி ட்ராம்கள் தண்டவாளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில் ஓடியவை அல்ல. சந்தைத் தெருவில், குதிரை வண்டிகளுக்கு நடுவில் ஓடின. குதிரை மிரளக்கூடாது என்பதற்காகச் சட்டம் மூன்று விஷயங்களைக் கேட்டது: சுழல்கிற உறுப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது, புகை வரக்கூடாது, நீராவி சீறக்கூடாது. ஆகவே எஞ்சினைத் தகட்டுப் பெட்டிக்குள் மூடினார்கள், புகையில்லாத கோக் கரியை எரித்தார்கள், வெளியேறும் நீராவியைக் கூரைக் குழாய்களுக்குள் சுற்றவிட்டுத் திரும்பவும் தண்ணீராக்கினார்கள். வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடிய எஞ்சின் என்று கணவர் சொல்வார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த எஞ்சினின் வரலாற்றை எழுதியவள் நான். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே ஒரு வயலைச் சுற்றிச் சிறிய தண்டவாளம் போட்டு, ஆட்கள் ஏறி உட்காரக்கூடிய சின்ன ரயில்களை ஓடவிடும் கழகம் ஒன்று இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். மகளுக்கு இரண்டு சுற்றில் அலுத்துவிட்டது. கணவர் மாலை வரை அந்த இடத்தை விட்டு வரவில்லை. அடுத்த மாதம் அங்கத்தவரானார். அங்கே எஞ்சின் கட்டுகிற ஒவ்வொருவரும் அது எந்த வகையைச் சேர்ந்தது, எங்கே ஓடியது என்று கழக ஏட்டுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க வேண்டும். கணவர் என்னைப் பார்த்தார். "நீர்தானே எல்லாத்தையும் எழுதி வைக்கிறனீர்."

அது உண்மை. இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். காலைத் தேநீருடன், முந்திய நாளுக்கு ஆறு வரி. முதல் வரியில் வெப்பநிலையும் காற்றும். ஒரு பக்கம் கேட்டவர்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன்.

எங்கள் எஞ்சின் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை நகரத்துக்காகக் கட்டப்பட்ட எட்டில் ஒன்று. அந்த ஊர் நூலகத்தில் ஒருவர், ட்ராம் பட்டறையின் பழைய குறிப்புகளையும், அந்த வகை எஞ்சினின் அடிச்சட்டத்துக்கான வரைபடத்தையும் படம் பிடித்து அனுப்பினார். முதல் இரண்டு எஞ்சின்களின் பொயிலர் சிறிது. மேட்டில் ஏற மறுத்தன. பயணிகள் இறங்கிப் பக்கத்தில் நடந்து போய், மேட்டின் தலையில் மறுபடி ஏறிக்கொண்டார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை பொயிலரைப் பெரிதாக்கி, கூரைக் குழாய்களை இரண்டு மடங்காக்கினார்கள். மின்சார ட்ராம் வந்ததும் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின, ஏழாம் இலக்கத்தின் பொயிலரைத் தவிர. அதை ஒரு சலவைக்காரர் வாங்கிப் பல வருடம் வெந்நீர் வைத்திருக்கிறார். இந்த வரியை எழுதிய காலையில் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நான் வேலை செய்வது ஒரு பிளாசாவில், உடுப்புத் திருத்தும் கடையில். அடுத்த கடை ட்ரை கிளீனர். சுவருக்கு அப்பால் நாள் முழுக்க நீராவிச் சத்தம்தான்.

எட்டாம் இலக்கம் கடைசியாக வந்தது. அந்த எட்டில் படம் இருப்பது அதற்கு மட்டும். கழக வீட்டின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வைத்துத்தான் கணவர் மேல்பெட்டியைக் கட்டினார். படத்தில் எஞ்சின் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது; பின்னால் பயணிகள் பெட்டியின் நுனி; முன்னால் இரண்டு ஆண்கள், ஒருவர் சாரதி. தெரிகிற பக்கத்தில் ஒரு பம்பும் கரி போடும் மூடியும் இருக்கின்றன, கதவு இல்லை. ஆகவே கதவு மற்றப் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வண்டிகள் தெருவின் இடப்பக்கமாகப் போகும். அப்படியானால் சாரதி நடுத்தெருவுக்குள் அல்லவா இறங்கியிருப்பார்? அதற்கும் ஒரு விளக்கம் எழுதினேன்: நடைபாதையில் நிற்கும் பயணிகளுடன் சாரதி கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்று. எழுதிய நாளில் அது கெட்டித்தனமான விளக்கமாகவே பட்டது. ஊரில் இடப்பக்கத்தால் பஸ் ஏறி வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் ரொறொன்ரோவில் முப்பது வருடம் வலப்பக்கத்தால் ஏறி இறங்கிய பிறகு, வலப்பக்கக் கதவு எங்கள் இருவருக்கும் உறுத்தவில்லை.

கழக வீட்டின் வாசலுக்கு மேலே ஒரு மரப்பலகை இருக்கிறது. அங்கத்தவர் கையால் கட்டிய எஞ்சின் பரிசோதனையில் தேறினால், அதன் இலக்கமும் கட்டியவரின் பெயரும் அதில் வெள்ளைப் பெயின்ற்றில் ஏறும். பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத் திறப்பு நாளில் மட்டும். பரிசோதகர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஒரு கையில் அசல் எஞ்சினின் படம், மறுகையில் அவருடைய பழைய பல் பார்க்கும் கண்ணாடி. நீளக் காம்பின் நுனியிலுள்ள அந்தச் சின்னக் கண்ணாடியை எஞ்சினின் அடியிலெல்லாம் விட்டுப் பார்ப்பார். படத்திலுள்ளபடி இல்லையென்றால் அடுத்த வருடம்தான்.

என் கணவர் மார்க்கம் நகரத்தில் ஒரு மெஷின் ஷொப்பில் இருபத்தேழு வருடமாகக் கடைசல் வேலை செய்கிறார். அவர் கடைந்த துண்டுகள் பெட்டி பெட்டியாகப் போகும். எந்த இயந்திரத்துக்குள் போய் உட்காருகின்றன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தொடக்கமும் முடிவும் தன் கையாலேயே ஆன ஒரு சாமானை ஒருமுறை செய்ய வேண்டும் என்பார். அந்தப் பலகையில் பெயர் ஏறுவதைப் பற்றி அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் கழகத்துக்குப் போகும்போதெல்லாம் வாசலில் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் எத்தனை வரிக்கு இடமிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

திறப்பு நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, மகள் கழக ஏட்டுக்காகப் படத்தை ஸ்கான் செய்து தன் பெரிய திரையில் போட்டாள். எஞ்சினில் எழுதியிருந்தது 8 என்ற இலக்கம் மட்டும். அது போதுமான அளவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கப் படத்தை நகர்த்தினாள். இலக்கத்துக்குப் பக்கத்தில் நின்ற சாரதியின் மார்பு திரை முழுக்க வந்தது. நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தேன். தொழில் பழக்கம்.

ஆண்களின் கோட்டில் இடது ஓரம் மேலே வரும், வலது ஓரம் கீழே போகும். பெண்களுக்கு மறுபக்கம். இந்த மனிதரின் கோட்டில் வலது ஓரம் மேலே இருந்தது. மேல்பொக்கற்றும் வலப்பக்கம். ஆண்கள் கோட்டுக்கு மேல்பொக்கற் இடப்பக்கம்தான் வைப்பது. மற்றவரைக் காட்டச் சொன்னேன். அவருக்கும் அப்படியே.

கோட்டுகளில் பிழையில்லை, படம்தான் திரும்பியிருந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார்கள். தகட்டை மறுபக்கம் வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். இலக்கம் மூன்றோ நான்கோ ஆக இருந்திருந்தால் யாரும் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். எட்டை எப்படித் திருப்பினாலும் எட்டுத்தான்.

மகளுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு, "அம்மா, லிற்றறலி ஒருத்தருக்கும் தெரியாது. அந்த அங்கிள் ஃபோட்டோவைத்தானே பாத்து செக் பண்ணுவார்? அப்பா பாஸ்," என்றாள்.

"எனக்குத் தெரியுமே."

"அது உங்கட ப்ரொப்ளம்," என்று சிரித்தாள்.

அன்று கடையில் திருத்தத்துக்காகத் தொங்கிய ஆண்கள் கோட்டுகள் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றிலும் இடது ஓரம்தான் மேல். கடை முதலாளி அம்மா, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். ஒரு கதவு என்று சொன்னேன்.

பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் பேஸ்மென்ற்றில் எஞ்சினுக்குக் கடைசி மினுக்கல் போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, உந்தப் படத்தில நிக்கிற ரெண்டு பேரும் பொம்பிளையளின்ர கோட்டுப் போட்டிருக்கினம்," என்றேன்.

"குளிருக்குக் கையில அம்பிட்டதைப் போட்டிருப்பினம்."

"ரெண்டு பேருமோ?"

அவர் துணியைக் கீழே வைத்தார். இடக்கைத் துண்டு, வலக்கைத் துண்டு என்று நாள் முழுக்க வேலை செய்கிறவர். நான் பொக்கற்றைச் சொல்லி முடிக்குமுன் அவருக்கு விளங்கிவிட்டது. படத்தை எடுத்துப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். "அப்ப கதவு?"

"மற்றப் பக்கம்."

படிக்கட்டில் உட்கார்ந்தார். மூன்று விண்ரர் என்று மட்டும் சொன்னார். பரிசோதகர் படத்தை வைத்துத்தான் பார்ப்பார், இப்படியே கொண்டுபோனால் பெயர் பலகையில் ஏறும் என்று நான் சொன்னேன். சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று பட்டது. திருத்தினால் படத்துக்கும் எஞ்சினுக்கும் பொருந்தாது, அந்தப் பெரியவர் ஒத்துக்கொள்ளாமலும் விடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் படத்தை மடியில் வைத்தார். "நீர் உம்மட டயறியில என்னத்தை எழுதுவீர்?"

"நடந்ததைத்தான்."

"பிறகென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறீர்?"

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஏனென்றால் அதே மூச்சில், "அந்தக் குழாய்," என்று எழுந்தார். பம்பிலிருந்து பொயிலருக்குப் போகும் குழாய் அது. அடிச்சட்டத்தை அவர் பட்டறை வரைபடத்தின்படி கட்டியிருந்தார்; பம்பைப் படத்தின்படி பூட்டியிருந்தார். இரண்டும் சேரவில்லை. அந்த ஒரு குழாயை மட்டும் மூன்று இடத்தில் வளைத்து, பாம்பு மாதிரி மறுபக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. போன மார்கழி முழுக்க அந்தக் காலத்து ஆட்களுக்கு மூளையில்லை என்று திட்டித் தீர்த்தார். இப்போது ஒரு வெறும் குழாய்த் துண்டை எடுத்து, வலப்பக்கம் பம்பை வைக்க வேண்டிய இடத்திலிருந்து பொயிலருக்குப் பிடித்தார். அது நேராகப் போய் நின்றது. ஒரு வளைவும் இல்லை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகள் மேலேயிருந்து என்ன நடக்கிறது என்று கேட்டாள். "அவங்களுக்கு மூளை இருந்திருக்கு பிள்ளை, எங்களுக்குத்தான் இல்லை," என்று சத்தம் போட்டார்.

இரண்டு பக்கத் தகடுகளையும் இடம் மாற்றிப் பூட்டினால் போதுமென்று முதலில் நினைத்தோம். அது வலது சட்டைக் கையை இடது தோளில் தைப்பது மாதிரி: முன்பக்கம் பின்னால் போய்விடும். புதிதாகவே வெட்ட வேண்டும். ஒரு தகட்டுக்கு நூற்று ஐம்பத்தொன்பது சின்ன ரிவெட் ஆணிகள், இரண்டுக்கும் முந்நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு துளைக்கும் புதிதாக அளவெடுத்தால் எட்டு நாள் போதாது என்று அவர் கணக்குச் சொன்னார்.

நான் மேலே போய், கடையிலிருந்து கொண்டுவந்த பட்டர்ன் பேப்பரையும் பல்லுச் சில்லையும் எடுத்து வந்தேன். பேப்பரில் வெட்டிய அளவைத் துணிக்கு மாற்ற நாங்கள் உருட்டுகிற சின்னச் சில்லு அது. ஓடிய வழியெல்லாம் புள்ளி விழும். பழைய தகட்டின்மேல் பேப்பரை ஒட்டி, ரிவெட் தலைகளை விரலால் அழுத்தித் தடம் எடுத்தேன். பேப்பரைத் திருப்பிப் புதிய தகட்டில் ஒட்டினேன். ஓரக் கோடுகளைச் சில்லால் உருட்டி, துளைகளுக்கு ஊசியால் குத்தினேன். சட்டையின் இடது முன்பக்கம் வெட்டியபின் வலது முன்பக்கத்தை யாரும் புதிதாக அளப்பதில்லை. பேப்பரைத் திருப்பிப் போடுவோம். கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்வளவு நாளும் உதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

"தையல் பெட்டிக்குள்ள. நீங்கள் அதைத் திறந்ததில்லை."

அவர் மூன்று நாள் லீவு எடுத்தார். நான் கடையில் இரண்டு நாள் பாதியில் வந்தேன். அந்த வாரக் குறிப்புகளில் வெப்பநிலையை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். மற்ற ஐந்து வரியும் ரிவெட் எண்ணிக்கை. திங்கள் எழுபத்திரண்டு. செவ்வாய் நூற்று நான்கு, அதில் நான் அடித்தது முப்பத்தொன்று, பிழையானவை இரண்டு. சமைத்தது ஒரு நாள்தான். கணவரின் தங்கை புட்டும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அலுமாரிக்கு வாசல் மாற்றுகிறார்களாம் என்று எல்லோருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னாள். இரண்டு பேரும் இப்படி ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தது எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல்தரம்.

சனிக்கிழமை காலை ட்ரைவ்வேயில் நீராவி ஏற்றினோம். ஒன்பது பாகை, காற்று இல்லை. முன்வீட்டுச் சீன அன்ரி செருப்போடு வந்து ஃபோனில் படம் பிடித்தா. கூரைக் குழாய்கள் சூடேறின. புகையும் இல்லை, சீறலும் இல்லை. குதிரை நின்றிருந்தாலும் மிரண்டிருக்காது. சில்லுகள் சுழன்றதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்ரி கைதட்டினா.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதகர் வந்தார். அன்றைக்கு எல்லோரும் பொத்தானில்லாமல் சிப் வைத்த ஜாக்கெற்றில் நின்றார்கள். நல்லகாலம், அவர் மட்டும் கழகச் சின்னம் தைத்த கோட்டுப் போட்டிருந்தார். சுவரிலிருந்து படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். அடியில் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ரிவெட்டுகளை விரலால் தடவினார். பிறகு, மிக அழகான வேலை, ஆனால் பக்கம் மாறியிருக்கிறது, வருத்தம்தான், அடுத்த மே மாதம் பார்ப்போம் என்றார். கையிலிருந்த பரிசோதனைத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

கணவர் எத்தனையோ தரம் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் அந்த இடத்தில் காணாமல் போயிற்று. என்னைப் பார்த்தார். நான் பரிசோதகரிடம் அவருடைய கோட்டைக் குனிந்து பார்க்கும்படி கேட்டேன். பிறகு படத்திலுள்ள கோட்டுகளைக் காட்டினேன். அவர் பார்த்தார். இரவல் கோட்டாக இருக்கலாம் அல்லவா என்றார். இரண்டு பேரும் இரவலா, இருவருக்கும் பொக்கற் வலப்பக்கமா என்று கேட்டேன். கடையில் பார்த்த பதினொரு கோட்டுகளையும் சொன்னேன். அவர் இன்னும் தயங்கினார். அப்போதுதான் அவர் கையிலிருந்ததைக் கவனித்தேன்.

"உங்கள் கண்ணாடியில் பாருங்கள்," என்றேன்.

பல் பார்க்கும் கண்ணாடியைப் படத்துக்கு எதிரே பிடித்துத் துண்டு துண்டாகப் பார்த்தார். முதலில் சாரதியின் பொத்தான்கள். பிறகு பொக்கற். பிறகு பம்ப், கண்ணாடியை விட்டுக் கண்ணெடுத்து எங்கள் எஞ்சினின் பம்பைப் பார்த்தார். கடைசியாக இலக்கம். எட்டு எட்டாகவே இருந்தது. கணவர் அதற்குள் பழைய வளைந்த குழாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, புதிய நேர்க்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

பரிசோதகர் சத்தமாகச் சிரித்தார். கழகத்துக்கு வந்த நாளிலிருந்து இந்தப் படத்தைக் காட்டித்தான் எல்லோருக்கும் உற்றுப் பார்ப்பது எப்படி என்று பாடம் எடுத்திருக்கிறேன் என்றார். பிறகு படம் கையிலிருந்து கைக்குப் போனது. ஆளாளுக்குத் தங்கள் மார்பைக் குனிந்து பார்த்தார்கள். சிப் போட்டவர்கள் சட்டைப் பொத்தானைத் தேடினார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கணவரின் பெயர் பலகையில் ஏறியது. ஏணியில் நின்று எழுதியவர் எழுத்துக் கூட்டத் தடுமாற, கணவர் கீழே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். சத்தமாக, அவசரமில்லாமல் சொன்னார். கழக வீட்டுக்குள் படம் அதே ஆணிக்குத் திரும்பிப் போனது. ஆனால் அடுத்த வாரமே எதிர்ச்சுவரில் யாரோ ஒரு குளியலறைக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். எட்டாம் இலக்கத்தை ஒழுங்காகப் பார்க்க விரும்புகிறவர்கள் இப்போது படத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

அன்று முதல் சுற்று, எஞ்சினுக்குப் பின்னால் கொளுவிய பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஏறி ஓடினோம். அவர் முன்னால், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். சுற்று முடிந்து மேடையில் நின்றபோது அவர் எஞ்சினைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"மேடை வலப்பக்கம். இப்ப பாரும், கதவு வயலுக்கை திறக்குது."

"அது அந்த நாட்டு எஞ்சின். இருக்கட்டும்," என்றேன்.

அடுத்த நாள் காலை ஆறு வரியையும் எழுதியபின் வரலாற்றுப் பக்கங்களை எடுத்தேன். சாரதி நடைபாதைப் பயணிகளுடன் கதைக்கக் கூடாது என்ற என் விளக்கத்தை அடிமட்டம் வைத்து, நேர்க்கோடு போட்டு வெட்டினேன். அதன் மேலே எழுதினேன்: கதவு இடப்பக்கம், நடைபாதையை நோக்கி. காரணம் எதுவும் சேர்க்கவில்லை.